கோடு போட்ட கால்

அறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, தூங்குகிறவளின் போர்வையை மெல்ல விலக்கினாள் தங்கை. துணி வெட்டிப் பழகிய கை. கணுக்காலில் முனையை வைத்து, மேல்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தாள்.

அக்கா அசையவில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தது.

பேனாதான். டாக்டர் மேஜையில் மறந்துவிட்டுப் போன பச்சைப் பேனா. தங்கைக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் அக்கா குளித்து, நர்ஸ் கொடுத்த தூக்க மாத்திரையை விழுங்கிப் படுத்துவிட்டிருந்தாள். ஈரத் துண்டெல்லாம் பச்சை. கால்களில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தாள். "தேய்க்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? நின்னாத்தான் நரம்பு புடைக்கும். படுத்தா உள்ள போய் ஒளிஞ்சுக்கும். கோடு இல்லாம டாக்டர் எதைப் பாத்து லேசர் வைப்பாரு? இனிமே அடுத்த மாசம்தான்."

அடுத்த மாதம் அக்காவுக்கு லீவு கிடையாது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே சேலை விரிக்கிறவள். இந்த ஒரு வாரத்துக்கே முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாட வேண்டியிருந்தது.

நேற்று போனில் அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ரெண்டு கால்லயும் நரம்பு சுருண்டு கிடக்குடி. ஆனா ஒரு கால்லதான் லேசர் வைப்பாங்களாம். இன்னொண்ணுல உள்ள இருக்கிற பெரிய குழாயே அடைச்சுப் போச்சாம். வெளிய தெரியற நரம்புதான் அந்த ரத்தத்தை எல்லாம் தூக்கிட்டுப் போகுதாம். அதையும் லேசர் வச்சு மூடினா காலே போயிடுமாம். அதுக்கு வெறும் இறுக்கமான சாக்ஸ்தான்."

"அது எந்தக் கால்க்கா?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டும்தான் உயிரை வாங்குது. ஒரு கையில போன் பேசிக்கிட்டே, என்னைச் சுவரைப் பாத்துத் திருப்பி நிக்க வச்சு, மளமளன்னு வரைஞ்சுட்டுப் போயிட்டாரு டாக்டர். கோடு போட்டது நல்ல கால். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படம் அனுப்பறேன் பாரு, என் கால்ல ரோடு போட்டிருக்காங்க."

அந்தப் படம்தான் இப்போது கைகொடுத்தது. இடது கால். கணுக்காலிலிருந்து உள்பக்கமாக ஏறும் கோடு, முட்டிக்குக் கீழே ஒரு வளைவு, பக்கத்தில் இரண்டு புள்ளிகள். பேப்பர் கட்டிங்கைத் துணியில் ஏற்றுகிற மாதிரி அப்படியே ஏற்றினாள்.

ஸ்ட்ரெச்சரோடு வந்த நர்ஸ் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "கோடு பத்திரமா இருக்கு. உங்க அக்கா சமத்து."

தியேட்டர் கதவு சாத்தியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அறைக்குத் திரும்பிய தங்கை, மனசு கேட்காமல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். கால்களுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த 'அமைதி காக்கவும்' அட்டை. எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகத் திரும்பி நின்றன.

நிமிர்ந்தாள். எதிரே அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

அக்கா காலைப் படம் எடுக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த காலை எடுத்திருக்கிறாள்.

ஓடிப்போய்த் தியேட்டர் கதவைத் தட்டினாள். வாசலில் நின்ற ஆயா கையைப் பிடித்து இழுத்தாள். "உள்ள லேசர் ஓடுதும்மா. இப்ப திறக்கக் கூடாது."

"கால் மாறிப்போச்சு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எல்லாருக்கும் இப்படித்தான் எதையாவது நினைச்சு வயித்தைக் கலக்கும். உக்காருங்க."

உட்காரவில்லை. கதவருகிலேயே நின்றாள். அக்கா இனி எதை ஊன்றிக் கடையில் நிற்பாள் என்பது மட்டுமே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. டாக்டர் மாஸ்க்கை இறக்கியபடி வந்தார். "தங்கச்சிதானே? நல்லபடியா முடிஞ்சது."

"எந்தக் கால்ல டாக்டர்?"

"கோடு போட்ட கால்லதான். இடது."

"அப்ப அந்த அடைச்ச கால்..."

"அதை யாராவது தொடுவாங்களா? முடிச்சதும் ஸ்கேன் வச்சுப் பாத்துட்டுத்தான் வர்றேன். வலது கால்ல அடைப்பு அப்படியே இருக்கு. சாக்ஸ் எழுதித் தர்றேன்."

வலது கால். அவள் விழித்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "கோடு குளிச்சதுல அழிஞ்சுபோச்சு டாக்டர். நான்தான் மறுபடி வரைஞ்சேன். கண்ணாடியில எடுத்த படம்னு தெரியாம கால் மாத்தி வரைஞ்சுட்டேன். நேத்து நீங்க கோடு போட்டது வலது கால்ல."

போனை நீட்டினாள். டாக்டர் வாங்கிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, திறந்திருந்த தியேட்டர் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார்.

"இந்தப் படத்தை அழிச்சிடும்மா."