மாட்டிக்கொண்ட கை

மரம் அறுக்கும் மெஷினில் உடைந்த மரச்சிம்பு ஒன்று சிக்கி, பிளேடு சட்டென்று நின்றது. அவசரத்தில் தச்சர் சுவிட்சை அணைக்காமலே அதை எடுக்கக் கையை உள்ளே விட்டார். கையுறை பிளேடின் பல்லில் மாட்டிக்கொண்டது. இழுத்தார், கை வரவில்லை, சிம்புதான் ஆடியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சிம்பு விலகினால் பிளேடு சுற்றும். விரல்கள் போச்சு! சுவிட்ச் எட்டவில்லை. ஒயரோ ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போயிருந்தது.

"அடியே! பிளக்கு! பிளக்கு!" என்று அலறினார்.

உள்ளே மனைவியின் காலடிச் சத்தம் கேட்டது.

"காது கேக்கலையா? பிளக்குடி!"

காலடிச் சத்தம் நின்றுபோனது. சிம்பு நழுவி விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

பிளேடு அசையவில்லை.

கையை உருவிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். மனைவி கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள்.

"திட்டாதீங்க. மெஷின் சத்தம் நின்னதும் வேலை முடிஞ்சிடுச்சுன்னு உங்க பிளக்கைப் பிடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகிட்டேன். நீங்க கத்துனதும் கண்டுபிடிச்சிட்டீங்கன்னு பயந்து வாயே திறக்கலை."

தச்சர் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இனிமே என்னைக் கேக்காமலே பிடுங்கு, தாயே!"