ஆணியடித்த பெட்டி

“கப்பல் வந்துடுச்சு. மோட்டார் வரல.”

கிரீன்லாந்தின் வடகோடியிலிருந்து, மோட்டாரை விலைக்கு வாங்கிய இனூத்தெக்கின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. கடலுக்கு இப்பால் ஆல்போர்க் துறைமுக நகரில், பழைய படகு மோட்டார்கள் அடைத்த கொட்டகையில், கடித்த ரொட்டியைக் கீழே வைத்தான் பிரேபன்.

“கப்பல் முகவர் கிடங்குல ஒப்படைச்சு கையெழுத்து வாங்கிட்டேன். அதோட என் பொறுப்பு முடிஞ்சுது. விளம்பரத்துலயே போட்டிருந்தேனே.”

“தெரியும். உங்களைக் குத்தம் சொல்லல. கிடங்குல நான் கூப்பிட்டா யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க.”

“அடுத்த கப்பல்ல வரும்.”

“அடுத்த கப்பல் பனி உருகின பிறகுதான். கடல் உறைய இன்னும் ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள மீன் பிடிச்சுச் சேர்த்தாத்தான் குளிர்காலத்துக்கு நாய்களுக்குத் தீனி.”

“எத்தனை நாய்?”

“பதினொண்ணு.”

“தீனி இல்லேன்னா?”

“பட்டினி போட முடியாது. துப்பாக்கி இருக்கு.”

பிரேபன் போனை அணைத்துப் பையில் போட்டான். போன மாதம் இதே ஆள்தான் பேரம் பேசினான். ‘ஐநூறு குரோன் குறைங்க. முதல் நாள் பெட்ரோலுக்காவது ஆகும்.’

‘ஏன், நானே வந்து படகும் ஓட்டணுமா? ஒரு குரோன் குறையாது’ என்று அவன் வாயை அடைத்திருந்தான் பிரேபன். பதினாலு வயதில் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவன். அவனுக்கு யார் எதைக் குறைத்துக் கொடுத்தார்கள்?

வண்டியை எடுத்தான்.

கிடங்குப் பொறுப்பாளர் விபேகே காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

“என் மோட்டாரை என்ன பண்ணீங்க?”

“உங்க மோட்டாரா? கையெழுத்து வாங்கின அன்னிக்கு, இனி இது என்னுது இல்லேன்னீங்க?”

“இந்த வாயெல்லாம் வேணாம். எங்கே அது?”

அவள் மூலையைக் காட்டினாள். சிவப்புத் தாள் ஒட்டி, பெட்டி அங்கேயே கிடந்தது.

“பெட்ரோல் வாடை அடிச்சுது. கப்பல்காரங்க ஏத்த மாட்டேன்னுட்டாங்க.”

“பொய். ஒரு சொட்டு விடாம நானே வடிச்சேன். முப்பது வருஷமா இதான் என் பொழப்பு.”

“திறந்து பார்த்திருப்போம். அனுப்பினவர் சம்மதம் இல்லாம ஆணியடிச்ச பெட்டியில நாங்க கை வைக்கக் கூடாது. மூணு தடவை உங்களுக்குப் போன் பண்ணேன்.”

தெரியாத நம்பரைப் பிரேபன் எடுப்பதே இல்லை. எல்லாம் விலை குறைக்கச் சொல்லும் கூட்டம்.

“சரி, விமானத்துல அனுப்பு.”

“அந்த ஊருக்கு ஹெலிகாப்டர்தான். இவ்வளவு பெரிய பெட்டியை அதுல ஏத்த மாட்டாங்க.”

“பொறுப்பில்லாத ஜனங்க. நீங்க பண்ணின கூத்துக்கு அங்கே பதினொரு நாய் சாகப்போகுது, தெரியுமா? யாரு பதில் சொல்றது?”

“பெட்டியைக் கட்டினது நாங்க இல்ல, பிரேபன்.”

“அந்தக் கடப்பாரையைக் குடு. வாடை எங்கேருந்து வருதுன்னு உன் கண்ணு முன்னாலயே காட்டறேன்.”

பலகை பிளந்தது. மோட்டார் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. எங்கும் கசிவில்லை. பிரேபன் விபேகேவை ஒரு பார்வை பார்த்தான்.

அவள் குனிந்து, மோட்டாருக்கு அடியில் சொருகியிருந்த பழைய கம்பளியை விலக்கினாள். உள்ளே ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் ஒன்று. மூடி லேசாகத் தளர்ந்திருந்தது.

அப்போதுதான் நினைவு வர, பிரேபனின் கையிலிருந்த கடப்பாரை மெல்லத் தாழ்ந்தது.

கேனில் கட்டியிருந்த அட்டையை விபேகே திருப்பிப் படித்தாள்.

“முதல் நாளுக்கு. இதுக்குக் காசு வேண்டாம். பிரேபன்.”