நூற்றிருபது மாதம்

அந்த அறையில் இருந்தவர்கள்: நிர்வாகக் குழுத் தலைவி லூசில், பொருளாளர் கார்டன், வேலையை விட்டுப் போகிற இயக்குநர் பெர்னடெட், அவளுடைய இடத்துக்கு விண்ணப்பித்திருந்த துணை இயக்குநர் யோலண்டா. மேஜை நடுவே பாதி வெட்டிய கேக். நீலக் கிரீமில் பெர்னடெட்டின் பெயர் மட்டும் மிச்சமிருந்தது.

அமெரிக்காவில், டொலீடோ நகரத்தில், காசு போட்டுத் துணி துவைக்கிற கடை ஒன்றின் மாடியில் இயங்கியது அந்த அமைப்பு. கல்விக் கடனில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது, கடன் கம்பெனிகளோடு மல்லுக்கட்டுவது, இதுதான் அங்கே வேலை. யாருக்குக் கடன் தள்ளுபடியானாலும் கேக் வெட்டுவார்கள்.

போன வெள்ளிக்கிழமை பெர்னடெட்டுக்கே தள்ளுபடிக் கடிதம் வந்தது. வருகிற திங்கட்கிழமை அவள் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் சேருகிறாள். ஐந்து வருடத்தில் அவள் நான்காவது இயக்குநர்.

யோலண்டாவுக்கு முன்னால் பிரஸ்டன் என்ற இளம் வக்கீலைப் பேட்டி கண்டிருந்தார்கள். வசதியான வீட்டுப் பையன், நல்ல பேச்சு, ஒரு டாலர் கடன் கிடையாது. படியிறங்கும்போது விசிலடித்துக்கொண்டே போனான்.

அவனை எடுத்துவிட்டால் யோலண்டாவின் கதை முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து துணை இயக்குநர் பதவிக்கு நிதி இல்லை என்று கார்டன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். நகராட்சியிலும் இரண்டு பள்ளிகளிலும் மனு போட்டிருந்தாள். எங்கிருந்தும் பதில் இல்லை.

கடைகண்ணியில் வேலை கிடைக்கும். ஆனால் அந்த மாதங்கள் கணக்கில் சேராது. அரசு வேலையிலோ இதுபோன்ற சேவை அமைப்பிலோ இருந்துகொண்டு நூற்றிருபது மாதத் தவணை கட்டினால்தான் மிச்சக் கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யும். அதையும் சரியான தவணைத் திட்டத்தில் கட்டியிருக்க வேண்டும். ஆறு வருடமாக ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு ஃபோனில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் அவள்.

லூசில் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். நிதி எப்படித் திரட்டுவாய், ஊழியர்களை எப்படி நடத்துவாய். யோலண்டா தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு கார்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உன் தவணை எத்தனை ஆச்சும்மா?”

யோலண்டா தண்ணீர் குடித்தாள். எழுபத்திரண்டு என்று சொல்லிவிடலாம். அத்தனை மாதமும் வாடகைக்கு முன்னால் அதைத்தான் கட்டியிருக்கிறாள்.

“ஒண்ணுகூட இல்ல,” என்றாள்.

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த பெர்னடெட்டின் கை நின்றது.

போன மாதம் வந்த கடிதத்தைப் பற்றி யோலண்டா சொன்னாள். அவள் கட்டியதெல்லாம் தவறான திட்டத்தில். கல்லூரியை முடித்த வாரம் கடன் கம்பெனிக்காரன் ஃபோனிலேயே சேர்த்துவிட்ட திட்டம் அது. ஊரார் படிவங்களை வரிவரியாகச் சரிபார்த்தவள், தன்னுடையதை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கவில்லை. இப்போது மாற்றிவிட்டாள். முதல் தவணை அடுத்த மாதம்.

“நம்ம ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா, நீயே உனக்கு எடுத்துச் சொல்லியிருப்பியே,” என்றார் கார்டன்.

யாரும் சிரிக்கவில்லை. மறைத்திருக்கலாம், நாளைக்கு எவனாவது தோண்டி எடுத்தால் அமைப்பின் பெயர் கெடும், அதனால்தான் சொல்கிறேன் என்றாள் யோலண்டா. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார்கள். நடையில் உட்கார்ந்தாள். கீழே துணி உலர்த்தும் இயந்திரங்களின் சூடு தரை வழியாகச் செருப்புக்குள் ஏறியது. சொந்தக் கடனையே கோட்டை விட்டவளை எவன் இயக்குநராக்குவான். இருபத்தொன்பது வயதில் ஒன்றாவது தவணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் முதலில் ஒரு வேலை வேண்டும்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள். லூசில் எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“தன் தப்பைத் தானே சொல்றவங்கதான் இந்த நாற்காலிக்குச் சரி. நீதான் டைரக்டர்.”

சம்பளத்தை இப்போதைக்கு ஏற்ற முடியாது, துணை இயக்குநர் சம்பளமே தொடரும் என்றார் கார்டன். விளம்பரத்தில் போட்டிருந்த தொகை வேறு. யோலண்டா வாயைத் திறந்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள், முடியவில்லை.

பெர்னடெட் சாவிக்கொத்தை நீட்டினாள். அவளைக் கட்டிக்கொண்டு, வேண்டியதைவிட அதிக நேரம் நின்றாள். வாழ்த்துகூடச் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படியிறங்கினாள்.

பட்டப்பகலிலும் மாடிக்கு யார் வேண்டுமானாலும் ஏறி வரும் தெரு அது. தாங்கள் வெளியேறியதும் உள்ளே பூட்டிக்கொள்ளச் சொன்னாள் லூசில். அவர்கள் வாசலைத் தாண்டியதும் யோலண்டா கதவைச் சாத்திச் சாவியை இரண்டு சுற்று சுற்றினாள்.

மெல்லிய கதவு. படிக்கட்டில் லூசிலின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அப்பாடா, இனிமே பத்து வருஷத்துக்கு ஆள் தேட வேண்டாம், கார்டன்.”