பழைய விடைகள்

புது சிஸ்டத்தை டிஸ்க்கின் எந்தப் பங்கில், எந்தப் பார்ட்டிஷனில் நிறுவட்டும் என்று கேட்டுக்கொண்டு லேப்டாப் திரை நின்றது.

கீழே வரிசையாக எண்கள். சி, டி, இ என்று பழகிய எழுத்து ஒன்றுகூட இல்லை. அதில் இரண்டு, அளவில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. பங்கு போட்ட மகராசன் சரிபாதியாகப் போட்டிருந்தான். பெயர் வைக்கத்தான் மறந்துவிட்டான்.

ஒன்று அத்தையுடையது. இன்னொன்று அத்தையின் மகனுடையது.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சர்வீஸ் சென்டரில் தினமும் செய்கிற வேலைதான். ஆனாலும் குத்துமதிப்பாக எதையும் அழிக்கிற ஆள் இல்லை அவள்.

அத்தை பக்கத்து நாற்காலியில் கண்ணாடியைத் துடைப்பதும் போடுவதுமாக இருந்தாள். ஒரு வார இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவள் அத்தை. நாலு பேர் தூக்கத்தைக் கெடுப்பதுதான் தன் தொழில் என்று சொல்லிக்கொள்வாள். இத்தனை வருஷம் போட்ட புதிர் அத்தனையும் இந்த லேப்டாப்பில்தான். நாளைக்கு அனுப்ப வேண்டியதும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது எழுவதும் விழுவதுமாக இருந்து, கடைசியில் எழுவதையே விட்டுவிட்டது.

"ஊருக்கே நான் புதிர் போடுறேன். எனக்கு இது போடுது" என்றாள் அத்தை.

அவள் சிரித்துவிட்டு, கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு பார்ட்டிஷனாகக் கேட்டாள்.

மூன்றாவது, அத்தையுடையது. புதிர், புதிர் பழசு, கட்டம் என்று ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. அத்தை நிம்மதியாக மூச்சு விட்டாள். அவள் தன் பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகி, முதல் வேலையாக அதையெல்லாம் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாவது, அவனுடையது. பெரும்பாலும் காலி. நடுவில் படங்கள் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கல்யாணம், மலைப் பயணம், புது வீடு. மூன்றிலும் அவளும் உண்டு.

கறுப்பு ஜன்னலில் படம் தெரியாது, பெயர்தான் தெரியும். அதுவும் ஒரு வகையில் வசதிதான்.

"இதை என்ன பண்ணட்டும் அத்தை?"

"அவன்கிட்ட கேட்டேன். எதுவும் வேணாம், மொத்தமா அழிச்சிடச் சொல்லுங்கன்னான்."

"சரி."

சரி என்று சொன்னாளே தவிர, விரல் நகரவில்லை. ஜன்னலின் ஓரத்தில் சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"அவன் அழிக்கச் சொன்னான்" என்றாள் அத்தை. "நான் சொல்லல. உனக்கு வேணுமா?"

"வேணாம் அத்தை."

"அப்ப எனக்கு வேணும். என்னோட பக்கத்துல ஒரு ஓரமா போட்டு வை."

அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பேர் வைக்கட்டும்?"

அத்தை புதிருக்குச் சொல் தேடுகிற மாதிரி மேலே பார்த்து யோசித்தாள்.

"பழைய விடைகள்னு வை. அதை எவனும் திறந்து பார்க்க மாட்டான்."

அப்படியே தட்டினாள். படங்கள் ஒவ்வொன்றாக, எண்ணாக, ஓடி மறைந்தன. மலை போயிற்று. வீடு போயிற்று. கல்யாணத்துக்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. அத்தனை கூட்டம் அன்றைக்கு. எல்லாம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்த்துவிட்டு, பழைய திரைக்குத் திரும்பினாள்.

பழுதான சிஸ்டம் இருந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அடுத்து, அவனுடைய வரியையும் அழித்தாள். உறுதிதானா என்று இரண்டு முறையும் கேட்டது. உறுதிதான் என்றாள். இரண்டும் சேர்ந்து, ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரியாக ஆயின. அத்தையின் பாதியைத் தொடவில்லை. காலியான இடத்தைக் காட்டி, இங்கே நிறுவு என்று அமுக்கினாள்.

அதற்குப் பிறகு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அத்தை காபி போட்டு எடுத்து வந்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை.

"சம்பந்தியம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?"

"பரவாயில்ல அத்தை. மாடி ஏறுறாங்க இப்ப."

"நான் கேட்டேன்னு சொல்லு."

லேப்டாப் அணைந்து, எழுந்து, மறுபடி அணைந்து, கடைசியில் வெறிச்சென்ற புதுத் திரையோடு வந்து நின்றது. அவள் அத்தையின் பெயரைத் தட்டி, கடவுச்சொல்லை அத்தையையே தட்டச் சொல்லி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு புதிர் ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். நாளைக்கான கட்டம், பாதி நிரம்பியபடி, விட்ட இடத்திலேயே இருந்தது.

"பொழைச்சேன்" என்றாள் அத்தை. அவள் தோளில் கை வைத்து லேசாக அழுத்தினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவள் வயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போது, அத்தை படுக்கையறைக்குள் போய்த் துணி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. வரும்போது அத்தையின் கையில் அவளுடைய செருப்பு இருந்தது. வாசலில் கழற்றி விட்டதை எப்போது உள்ளே எடுத்து வைத்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அத்தை குனிந்து அதை அவள் காலடியில் வைத்தாள்.

"கிளம்பும்மா. மருமக ஆபீஸ் விட்டு வர்ற நேரம்."