ராகு கால மண்டபம்

"ஊரே ஒரு துண்டு நிலத்துக்காகக் கொடி புடிச்சுச் சண்ட போடுது. நீங்க கையில இருந்த நிலத்த வித்து, ராகு காலத்துல கல்யாணம் பண்ண மண்டபம் கட்டியிருக்கீங்க. உங்களச் சொல்லி என்ன, கட்டி வச்ச எங்கப்பனச் சொல்லணும்."

அம்சம் இதைத் தினமும் சோறு போடும்போது சொல்வாள். அவள் புருஷன் வைரக்கண்ணு தினமும் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். அன்றைக்குக் கூடவே ஒரு கெடுவும் வைத்தாள். இந்த மாதத்துக்குள் ஒரு கல்யாணமாவது நடக்கவில்லை என்றால் மண்டபத்தில் மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிடுவாளாம். செய்யக்கூடியவள்தான்.

பாவம், யோசனை என்னவோ நல்ல யோசனை. சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று சட்டமே வந்துவிட்டது. கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே ராகு காலம் பார்த்துக் கல்யாணம் வைக்கிறார்கள். மன்னார்குடியில் துரைராசு, நில உச்சவரம்புக்குப் பிறகு நெல் சேராமல் காலியாகக் கிடந்த ஒரு பண்ணைக் கிடங்கைப் பிடித்து, ராகு காலக் கல்யாணத்துக்கென்றே மண்டபமாக்கினார். ஊர் கைகொட்டிச் சிரித்தது. இப்போது அங்கே கல்யாணத்துக்கு மேல் கல்யாணம், மைக் செட் ஓய்வதில்லை. அதைப் பார்த்துத்தான் வைரக்கண்ணு கூத்தாநல்லூர் சாலையில் ஒன்று கட்டினான். அவரைவிட வாடகை குறைவு, விளக்கு அதிகம்.

கட்சிக்காரர்கள் வராமல் இல்லை. வந்தார்கள். மேடையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பின்பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போய்விட்டார்கள். சமையற்கட்டு சின்னது போலிருக்கிறது என்று இவன் பெரிதாகக் கட்டினான். அடுத்து வந்தவர்களும் பின்பக்கம் பார்த்துவிட்டுப் போனார்கள். கை கழுவும் இடத்துக்குச் சிமெண்டு போட்டான். ஒன்றியச் செயலாளர் இராஜாங்கமே மகள் கல்யாணத்துக்காக வந்தார். பின்பக்கம் போனார், முகம் சுருங்கித் திரும்பினார், நேரே போய்த் துரைராசு மண்டபத்தைப் பேசிவிட்டார்.

வைரக்கண்ணு வெட்கத்தை விட்டு, அந்தக் கல்யாணத்தன்றே துரைராசு முன்னால் போய் நின்றான். வெள்ளிக்கிழமை பதினொரு மணி, அசல் ராகு காலம். மணமக்கள் மாலை மாற்றி முடித்திருந்தார்கள். மேடையில் பஞ்சாங்கம், நல்ல நேரம், ஐயர் என்று ஒன்று விடாமல் இராஜாங்கம் மைக்கில் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டியது.

துரைராசு அவனைத் தனியே உட்கார வைத்து உபதேசம் செய்தார். தொழிலுக்குத் துணிச்சல் வேண்டுமாம். ஊர் சிரித்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே கொள்கையில் உறுதி வேண்டுமாம். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் தழுதழுத்தது.

"அதெல்லாம் என்கிட்ட நெறையவே இருக்குண்ணே. கல்யாணம்தான் இல்ல," என்றான் வைரக்கண்ணு. அழாத குறை. "இந்த மாசம் போனா அம்சம் மாட்டக் கட்டிடுவா. மறைக்காம சொல்லுங்க. என் மண்டபத்துல என்ன குறை?"

துரைராசு அவனை ஏற இறங்கப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"பின்னாடி தனியா ஒரு ரூம் கட்டுனியா?"

"சமையக்கட்டு இருக்குண்ணே, பெருசா."

"வெளங்குன மாதிரிதான்," என்று அவன் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

வாய்க்கால் பக்கம் வாசல் வைத்த சின்ன அறை அது. கதவைத் திறந்ததும் ஓமப் புகை கண்ணைக் கரித்தது. உள்ளே ஒரு ஐயர் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒம்போது மணி முகூர்த்தத்துலயே தாலி கட்டியாச்சு," என்றார் துரைராசு மெதுவாக. "இராஜாங்கம் தட்சணை குடுக்க வர்றதுக்குள்ள ராகு காலம் பொறந்துட்டு. அது முடியாம இவரு வாசப்படி தாண்ட மாட்டேங்கிறாரு."