பிடுங்கி வாத்தியார்

"என் பொண்ணு இன்னைக்கு உசிரோட இருக்கான்னா அதுக்கு நீங்கதான் சார் காரணம்!"

மருத்துவமனை அறைக்குள் நுழைந்ததுமே மாணவியின் அம்மா கைகூப்பியதில், விமானப் பயிற்சியாளருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தன் தோள்பட்டைக் கட்டு இடிக்காமல் கட்டிலருகே உட்கார்ந்தார். காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்த மாணவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலைம்மா. விமானத்தைத் தரையில இறக்கினது உங்க பொண்ணுதான்."

"அது உங்க பெருந்தன்மை சார்."

பெருந்தன்மைக்கும் அவருக்கும் வெகுதூரம். பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பட்டப்பெயரே 'பிடுங்கி'. அந்தச் சின்ன விமானத்தில் இரண்டு இருக்கை, ஆளுக்கொரு கைப்பிடி. மாணவர் கை லேசாக நடுங்கினால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் தன் பக்கத்துப் பிடியைப் பற்றி அவரே ஓட்ட ஆரம்பித்துவிடுவார். 'இனி என் கையில்' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது விதி. அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை ஏது? "உங்ககிட்ட படிச்சவங்க தனியா பறக்கும்போது திருதிருன்னு முழிக்கிறாங்கய்யா" என்று போன மாதம்தான் தலைமைப் பயிற்சியாளர் கடிந்துகொண்டார். அது அவருக்கு நன்றாகவே உறைத்திருந்தது.

சட்டைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"விசாரணைக் குழு கேட்டிருக்கு, விமானத்தை இறக்கினது யாருன்னு. உன் பேரைத்தான் எழுதப் போறேன். கால் சரியானதும் நீ தனியா பறக்கலாம். எழுதலைன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

மாணவியின் சிரிப்பு மறைந்தது. தனியாகப் பறப்பதற்காக ஒரு வருடமாகத் தவம் கிடப்பவள் அவள்.

"வேண்டாம் சார். எனக்காகப் பொய் எழுதாதீங்க."

"எது பொய்? எஞ்சின் நின்னதும் பதறாம, தானா சறுக்கி இறங்குற மாதிரி வேகத்தைச் சரிபண்ணி வச்சது யாரு? உழுத வயலாப் பார்த்துத் திருப்பினது யாரு?"

"அது வரைக்கும் நான்தான். அதுக்கப்புறம் நீங்கதானே சார்..."

"நானா!" பயிற்சியாளர் சிரித்தேவிட்டார். "உண்மையைச் சொல்லவா? பிடுங்கச் சொல்லி என் கை பரபரன்னு துடிச்சுது. இந்தத் தடவை கூடாதுன்னு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்திக்கிட்டேன். உன்னைப் பார்த்தா மனசு மாறிடும்னு, தரையில முட்டுற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். என் வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தரை நம்பினேம்மா. நீ அதைக் காப்பாத்திட்ட."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா பூரித்துப்போய் மகளைப் பார்த்தாள்.

மகளின் முகம் வெளுத்திருந்தது.

"சார்... வயலோரத்து மரங்க கிட்ட வந்ததும் என் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. எப்பவும் போல நீங்க பிடுங்கியிருப்பீங்கன்னு, நான் ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டேன்."

மறுபடியும் கூப்பப் போன அம்மாவின் கைகள், யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியாமல் பாதியில் நின்றன.