திரும்பிப் பார்த்தவன்

பத்திரிகை ஆசிரியர் தம்பிதுரை, எழுத்தாளன் மதன்குமாரின் பாதி முளைத்த மொட்டையைப் பார்த்தார்.

"பழனியில முடி எறக்குனீங்களாக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் கதையின் கார்பன் பிரதியைப் புரட்டினார்.

"கிரேக்கப் புராணத்தைக் கருமத்தம்பட்டிக்குக் கொண்டாந்தது சரிங்க. எமன்கிட்ட மன்றாடிப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வாரான். திரும்பிப் பாத்தா அவ மறுக்கா செத்துருவான்னு தெரிஞ்சும் எதுக்குங்க திரும்பறான்? நம்பற மாதிரியே இல்லீங்க. பாக்காமயே நடந்தான்னு முடிவை மாத்திக் குடுங்க."

மதன்குமார் தலையைத் தடவிக்கொண்டான்.

"போன மாசம் என்ற சம்சாரத்துக்குக் கொள்ளி வெச்சதும், திரும்பிப் பாக்காம நடங்கன்னாங்க. அப்படியே நடந்து வந்துட்டனுங்க."

கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"இவனாச்சும் ஒருக்கா பாத்துக்கட்டுங்க."